மேல்வீட்டுக் கம்ப்யூட்டரும் கீழ்வீட்டு வயிற்றெரிச்சலும்

பொறாமை கெட்ட குணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கைமுதல் இல்லாமல் மேலே வந்த எவரையாவது தனியே கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். முதல் படியில் கால் வைத்தது பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் என்று ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் பொய் சொல்கிறார்கள், அல்லது அப்பன் சொத்தில் வந்தவர்கள். எறும்பு இந்த இரண்டிலும் சேராதவள்.

எறும்பு என்பது பட்டப்பெயர். நடக்கப் பழகிய நாளிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்ததில்லை. உடைந்த கடிகாரம், சைக்கிள் மணி, முள் இல்லாத தராசு, எதையாவது இழுத்துக்கொண்டுதான் வருவாள். ஆளும் அந்த அளவுதான். கடித்தால் மட்டும் ஆள் பெரிது என்று தெரியும்.

வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. மாடியில் பெரியப்பா, கீழே அவளுடைய அப்பா. பெரியப்பாவுக்குக் குளியலறைச் சாமான் கடை. குழாயும் தொட்டியும் விற்றே காசு கொழித்தவர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். "ஊரையெல்லாம் மேலே ஏத்தி விடுறேன், நான் மட்டும் தரையிலேயே கிடக்கேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அது சிரிப்பு. மகளுக்கு அது முள்.

பெரியப்பாவின் ஒரே மகன் ராசா. அதுவும் உண்மைப் பெயர் இல்லை. பெரியம்மா வாய்க்கு வாய் "என் ராசா, என் ராசா" என்றதில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது, பாதிப் பேர் கேலியாகத்தான். எறும்பைவிட இரண்டு மாதம் மூத்தவன். "அண்ணன்னு கூப்பிடுடி" என்று அம்மா மண்டையில் குட்டுவாள். "ரெண்டு மாசத்துக்கெல்லாம் அண்ணன் கிடையாது" என்பாள் இவள்.

ராசாவிடம் இருந்த எதுவும் எறும்புக்குப் பொறுக்காது. அவனுடைய சைக்கிள் பொறுக்காது, அவன் அறையில் வரும் காற்று பொறுக்காது. ஒரு தடவை மதில் மேலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு வெள்ளைக் கட்டோடு வந்தான். ஊரே "ஐயோ பாவம்" என்றது. எறும்பு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள், தன் கை முறியவில்லையே என்று. பொறாமை என்றால் அப்படிப்பட்ட பொறாமை. அரைகுறை வேலை அவளிடம் எப்போதுமே கிடையாது.

இருவரும் கல்லூரிக்குப் போன வருடம் மேல்வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பெட்டி பெட்டியாக இறங்கியது. கேமிங் கம்ப்யூட்டர். பெரியம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏண்டி, சும்மாதானே நிக்கிறே, ஒரு கை கொடு" என்றாள். எறும்பு சுமந்தாள். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே சுமந்தாள். மேலே போனதும், "அங்கேயே வச்சிடு, உன் கை வேர்வை பட்டா கண்ணாடியில கறை விழும்" என்றாள் பெரியம்மா.

கடைக்காரன் வந்து கூடத்தில் பொருத்திக் கொடுத்தான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே காற்றாடிகள் சிவப்பும் நீலமுமாக ஒளி விட்டுச் சுற்றின. திரையில் ஒரு கார் மழையில் பறந்தது. சாலையில் தேங்கிய தண்ணீரில் தெருவிளக்கின் பிம்பம்கூடத் தெரிந்தது. எறும்பு வாசற்படியில் நின்றபடி பார்த்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள், "நானும் ஒண்ணு செய்யப் போறேன்."

கூலிக்குப் பள்ளிச் சீருடைகளில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "என்னத்தை?"

"கம்ப்யூட்டர்."

"செய்யேன். அப்படியே ஒரு ஆகாய விமானமும் செஞ்சுடு, உங்க அப்பா வேலைக்குப் போயிட்டு வரட்டும்."

அம்மா சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவள் மகள் யார் என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டாள்.

கல்லூரி முடிந்ததும் நகல் எடுக்கும் கடையில் போய் நின்றாள் எறும்பு. கடைசி வருட மாணவர்களின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். பஸ்ஸில் போகாமல் நடந்தாள். தோழிகள் டீ குடிக்கக் கூப்பிட்டால் "வயிறு சரியில்ல" என்றாள். அது பொய்யும் இல்லை, வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூடப்போகிற பிரவுசிங் சென்டர் ஒன்றில் மதர்போர்டும் ப்ராஸசரும் ஒரு சின்னத் திரையும் கிடைத்தன. எல்லாவற்றையும் உள்ளே பொருத்துகிற கேபினெட் பெட்டி ஓர் அலுவலகத்தின் கழிவுக் குவியலில் கிடந்தது. அதற்கு ஒரு பக்கக் கதவு இல்லை. பவர் சப்ளை மட்டும் புதிதாக வாங்கினாள். மற்றதெல்லாம் பழசாக இருக்கலாம், மின்சாரம் கொடுப்பது பழசாக இருந்தால் அத்தனையையும் ஒரே மூச்சில் கொளுத்திவிடும் என்பதை எங்கோ படித்து வைத்திருந்தாள். இடம் தெரிந்து செலவு செய்வது ஒரு புத்தி. அது எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

கடைசியாக கிராஃபிக்ஸ் கார்டு. விளையாட்டுக்கு உயிரே அதுதான், படத்தை வரைகிற வேலை அதனுடையது. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் ஒருவரிடம் பழையது ஒன்று கிடைத்தது. அதன் காற்றாடி கிழட்டு எலி மாதிரி கீச்சிட்டது. "எத்தனை கல்யாணம் பார்த்த கார்டு தெரியுமா இது!" என்றார் அவர். "அதான் இப்படி அழுவுது" என்றாள் எறும்பு. அவர் சிரித்துவிட்டார். விலையிலும் கொஞ்சம் இறங்கினார்.

கதவில்லாத பக்கத்துக்கு அம்மாவின் மாவுச் சல்லடை வலையைப் பிரித்துத் திருகினாள். உள்ளே ஒயர்களைக் கட்டச் சீருடை நூல்தான், பச்சையும் அரக்கும். அப்பா ஞாயிற்றுக்கிழமை தரையில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தார். "லிஃப்ட் பெட்டியிலகூட இவ்வளவு ஒயர் இல்லைம்மா" என்றார்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. ஆனால் விளையாட்டு ஓடவில்லை, நொண்டியது. கார் நாலடி போகும், நிற்கும், யோசிக்கும், மறுபடி நாலடி போகும்.

போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனாள். கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்டவர், பேச்சிலும் தடித்தவர். தன்னுடைய திரையில் மாட்டினார். கார் பறந்தது. "எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போ." வீட்டுக்கு வந்தால் மறுபடி நொண்டி. மறுபடி போர்வை, மறுபடி கடை.

"இந்தா, நீயே மாட்டு பார்க்கலாம்" என்றார் இந்தத் தடவை.

மாட்டினாள். அவர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பின்னாடி ரெண்டு வாய் இருக்கு பாரும்மா. மேலே இருக்கிறது போர்டோட வாய். கீழே இருக்கிறது கார்டோட வாய். திரைக்குப் போற கேபிளைக் கீழ்வாயில மாட்டணும். நீ மேல்வாயில மாட்டி வச்சிருக்கே. கார்டு சும்மா உட்கார்ந்து காத்து வாங்கிட்டிருக்கு, போர்டு தனியாக் கிடந்து மாரடிக்குது. பெரிய சமையல்காரரைக் கூட்டியாந்து நாற்காலியில உட்கார வச்சிட்டு, நீயே சோறு வடிச்சா விளங்குமா?"

எறும்புக்குக் காது வரைக்கும் சிவந்தது. அவமானப்பட்டுக் கற்றது மறக்காது. அவளும் மறக்கவில்லை.

அன்று முதல் கீழ்வீட்டிலும் கார் பறந்தது. ராசாவுடைய திரை மாதிரி பெரிது இல்லை, தேங்கிய தண்ணீரில் பிம்பம் தெரியவில்லை. ஆனாலும் பறந்தது. எறும்பு ஒலியைக் கூட்டி வைத்தாள். மாடிக்குக் கேட்க வேண்டும் அல்லவா?

இந்த நேரம் பார்த்து மேல்வீட்டில் ஒரு சங்கதி நடந்தது. கூடத்தில் விருந்தாளிகள் உட்கார இடம் இல்லை என்று பெரியம்மா கம்ப்யூட்டரை ராசாவின் அறைக்கு மாற்றச் சொன்னாள். ராசாவே கழற்றி ராசாவே மாட்டினான். மறுநாளிலிருந்து அவனுடைய கார் நொண்ட ஆரம்பித்தது. கேபினெட்டை வாங்கிய கடைக்கே கொண்டு போனான். அங்கே நன்றாக ஓடியது. "ஒரு குறையும் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் நொண்டி. கடையில் ஓடி வீட்டில் படுத்துக்கொண்டால் காரணம் வேறென்ன? பெரியம்மா மாடிப்படியில் நின்று, கீழ்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, யாரையும் குறிப்பிடாத மாதிரி சொன்னாள்: "கண்ணு! கண்ணு பட்டுடுச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

அம்மாவுக்கு முகம் சுண்டியது. எறும்பு கண்ணாடி முன்னால் நின்று தன் கண்ணை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அவ்வளவு சக்தி இருந்தால் நல்லதுதானே என்று இருந்தது அவளுக்கு.

ஒரு நாள் மாலை ராசா படியில் நின்று கூப்பிட்டான். "எறும்பு, கொஞ்சம் மேலே வாயேன். மேசைக்குப் பின்னாடி டார்ச் பிடிக்கணும்."

போனாள். மேசையைச் சற்று இழுத்தான். அவன் தரையில் படுத்து மின்சாரப் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எறும்பு டார்ச் வெளிச்சத்தைக் கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் திருப்பினாள்.

கேபிள் மேல்வாயில் இருந்தது.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டு கீழே சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் கார்டோடு வந்த கறுப்பு மூடிகூட மறுபடி பத்திரமாக அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. தூசி போகாமலாம்! ராசாவின் சுத்தம் அப்படி.

"ஏதாவது தெரியுதா?" என்றான் ராசா மேசைக்கு அடியிலிருந்து.

"ஒண்ணும் தெரியல" என்றாள் எறும்பு.

கீழே வந்து சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். "என்னடி, இன்னிக்கு வயிறு சரியாயிடுச்சா?" என்றாள் அம்மா. "ரொம்ப நாளைக்கு அப்புறம் குளிர்ந்திருக்கு" என்றாள்.

அதன் பிறகு நடந்ததை அவள் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. ராசா கீழே வர ஆரம்பித்தான். முதலில் வாசலில் நின்றான். பிறகு உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தான். சல்லடை வலைக்குள் எட்டி எட்டிப் பார்த்தான்.

"இதுல என்னதான் போட்டிருக்கே? குப்பையில பொறுக்கினது எப்படி இப்படி ஓடுது?"

"கை ராசி."

"என்னோடதுல பாதி விலைகூட இருக்காதே."

"கால்வாசி இருக்காது" என்றாள் எறும்பு. சொல்லும்போது நாக்கில் ஒரு இனிப்பு.

அவன் கண் அவளுடைய திரையில் ஒட்டியிருந்தது. அந்தப் பார்வையை எறும்புக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அதே பார்வையோடு அவள் மாடியை அண்ணாந்து பார்த்திருக்கிறாள். முதல் தடவையாகப் பொறாமை படியிறங்கி வந்து அவள் வீட்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறது. எழுப்பி அனுப்ப மனம் வருமா? ஒரு வார்த்தை போதும், கேபிளைக் கீழே மாட்டு என்று. சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான். மேலே மழையில் கார் பறக்கும், இவள் மறுபடியும் அண்ணாந்து பார்க்க வேண்டும். சொல்லவில்லை. தினமும் வாய் வரை வந்ததை விழுங்கினாள்.

ஆனால் ராசா சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிற ஆள் இல்லை. வேண்டும் என்று தோன்றியதைக் கேட்டுப் பழக்கப்பட்டவன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து, உட்காராமலே சொன்னான்:

"மாத்திக்கலாமா?"

"எதை?"

"உன்னோடதை எனக்குக் கொடு. என்னோடதை நீ எடுத்துக்கோ. கண்ணாடி, விளக்கு, திரை எல்லாத்தோடயும். அம்மாகிட்டயும் பேசிட்டேன். 'அந்தப் பீடை வீட்டை விட்டுப் போனா போதும்'னுட்டாங்க."

வேனிலிருந்து இறங்கியபோது பெட்டி பெட்டியாகத் தன் தோளில் சுமந்தது, கை படக் கூடாது என்று பெரியம்மா தள்ளி நிறுத்தியது, தானாக நடந்து வந்து மடியில் உட்காருகிறேன் என்கிறது. சரி என்று ஒரு சொல், கேபிளை மாற்ற ஒரு நொடி. ஏமாற்று என்றுகூட யாரும் சொல்ல முடியாது, கேட்டது அவன்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

அவன் போன பிறகு தன் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். அது மேல்வீட்டு மேசையில் இருப்பதாக நினைத்துப் பார்த்தாள். ராசாவின் நண்பர்கள் சுற்றி நிற்பார்கள். அவன் சல்லடை வலையைத் தட்டி "என் மெஷின்" என்பான். பச்சையும் அரக்குமாக அவள் பல்லால் கடித்து முடிச்சுப் போட்ட நூலை, அசிங்கமாக இருக்கிறது என்று அறுத்துப் போட்டாலும் போடுவான். கீச்சிடும் காற்றாடிக்கு அவனே எண்ணெய் விடுவான். சரியாகி அவன் சொன்னபடி கேட்கும்.

அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டது. இதுவரை அவனிடம் இருந்ததைப் பார்த்து எரிந்த வயிறு, இப்போது தன்னிடம் இருப்பதை அவனிடம் நினைத்துப் பார்த்து எரிந்தது. முன்னது அடுப்பு என்றால் இது சூளை. புத்தியுள்ளவர்கள் சொல்வார்கள், நல்ல பேரம், பிடித்துக்கொள் என்று. புத்தி என்ன செய்யும், ஒவ்வொரு திருகாணியையும் தன் விரலால் முடுக்கியவளிடம் போய்? நல்லது கெட்டது யோசித்து அவள் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்றுதான் எழுந்தாள்.

ஆனால் மாட்டேன் என்று மட்டும் சொன்னால் அவன் விடமாட்டான், பெரியப்பாவை அனுப்புவான், அப்பா அண்ணன் பேச்சைத் தட்டமாட்டார். அவனுக்கு இது வேண்டாம் என்று ஆக ஒரே வழிதான் இருந்தது.

படியேறினாள். பெரியம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னடி, முடிவு பண்ணிட்டியா?" என்றாள். "பண்ணிட்டேன் பெரியம்மா" என்று நிற்காமல் உள்ளே போனாள். ராசா கட்டிலில் படுத்திருந்தான்.

"எழுந்திரு. மேசையைப் பிடி."

இழுத்தார்கள். எறும்பு கேபிளை மேல்வாயிலிருந்து உருவினாள். கீழே கறுப்பு மூடியை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, அதில் மாட்டினாள்.

"போடு."

போட்டான். கார் சீறிக்கொண்டு பறந்தது. மழை, தண்ணீர், தெருவிளக்கு, விளக்கின் பிம்பம். ராசா திரையைப் பார்த்தான், கேபிளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"டார்ச் பிடிச்ச அன்னிக்கே."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "அடிப்பாவி! நாய் மாதிரி தினம் கீழே வந்து உட்கார்ந்தேனே, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"அதுக்காகத்தான் சொல்லல. நீ வயிறெரிஞ்சு உட்கார்ந்திருந்தது பார்க்க நல்லா இருந்துச்சு."

"அப்படின்னா மாத்திக்கிட்டிருக்கலாமே? நானே தூக்கிக் கொடுத்தேனே! சரியான ஏமாளிடி நீ!"

"என்னோடதை உனக்கா? போடா" என்றாள் எறும்பு.

ராசா பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் திரையில் கார் ஒரு வளைவை நெருங்கியது. கை தானாக அங்கே போனது. அதோடு அவளை மறந்துவிட்டான். எறும்பு கொஞ்ச நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. இறங்கி வந்தாள்.

கீழே தன் முக்காலியில் உட்கார்ந்து தன் காரை ஓட்டினாள். கூரைக்கு மேலே அவன் கார் உறுமியது. இவள் ஒலியைக் கூட்டினாள். அவனும் கூட்டினான். அவனுடைய ஒலிபெருக்கி பெரிது. தண்ணீரில் பிம்பம் தெரிகிற அந்தச் சாலை அவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை. தன் திரையில் சாலை காய்ந்து கிடந்தது.

திங்கட்கிழமை கல்லூரி முடிந்ததும் நகல் கடைக்குப் போகவில்லை. நேராக ரிப்பேர்க் கடைக்குப் போனாள். கண்ணாடிக்காரர் தலையைத் தூக்காமலே கேட்டார், "மறுபடி மேல்வாயா?"

"இல்லண்ணா. வேலை வேணும்."

"எதுக்கு?"

"பெரிய கார்டு வாங்கணும். மேல்வீட்டுல இருக்கிறதைவிடப் பெருசா."

"வாங்கிட்டா?"

"அவன் அதைவிடப் பெருசா வாங்குவான்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் அதைவிட" என்றாள் எறும்பு, இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை, ஆள் எறும்பளவுதான்.

"பொறுமைசாலிங்க நிறையப் பேர் வந்தாங்கம்மா. ரெண்டு மாசம்கூடத் தாங்கல" என்றார். "செருப்பை வெளியே விட்டுட்டு உள்ளே வா. முதல்ல அந்த மூட்டையில இருக்கிற செத்த கார்டையெல்லாம் தூசி தட்டு."

எறும்பு மூட்டையைப் பிரித்தாள். மேலே கிடந்த முதல் கார்டே ராசாவுடையதைவிட ஒரு விரல் நீளம் அதிகமாக இருந்தது.

"அண்ணா, இது ஏன் செத்தது?" என்றாள்.